ஆதிரைக்கு அருகே ஒரு செம்முகில்

ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நம் சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, சோழர் கடற்படையைப் பற்றியோ பல்லவர் குடைவரைகளைப் பற்றியோ எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. சென்ற தை அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், நம் காலனிச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

மார்கழித் திருவாதிரையன்று தில்லியில் வாழும் தமிழ் இல்லங்களிலும் களி மணக்கின்றது, கூட்டு கொதிக்கின்றது. ஆனால் அந்நாளுக்குப் பெயர் தந்த ஆதிரை மீனை அண்ணாந்து பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? தை மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குமேல் தெற்கு நோக்கி நின்றால், செந்நிறம் படர்ந்த பெரிய விண்மீன் ஒன்று உயரத்தில் தெரியும். அதுவே ஆதிரை. அதற்குக் கீழே வலப்புறமாக மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் நிற்கும். மேனாட்டார் இக்கூட்டத்தை ஓரியன் என்னும் வேட்டுவனாகவும், அம்மூன்றையும் அவன் இடைக்கச்சையாகவும் கொண்டனர். கச்சையிலிருந்து தொங்கும் வாள்போல் மங்கிய புள்ளிகள் சில கீழே இறங்குகின்றன. அவற்றுள் நடுவில் இருப்பது விண்மீன் அன்று, ஒளிரும் வாயுத்திரள். நெபுலா என்று வானியலார் வழங்கும் அதனைத் தமிழில் ஒண்முகில் என்பர். கையை நீட்டி விரல்களை விரித்துப் பிடித்தால், ஆதிரைக்கும் இதற்கும் இடையே ஒரு சாண்கூட இராது.

இதனைப் படம் பிடிக்க வேண்டும் என்னும் ஆவலால் நம் சங்கத்தார் சிலர், குடும்பங்களுடன், ஆல்வாருக்கு அப்பால் ஆரவல்லிக் குன்றுகளிடையே ஓர் ஊருக்குச் சென்றிருந்தோம். எட்டாம் வகுப்பில் படிக்கும் அச்சிறுமி முதலில் இரட்டைக்குழல் நோக்கியில் கண்டாள். சாம்பல் நிறத்தில் ஊதிய மூச்சுப்போல் ஏதோ தெரிந்தது. பிறகு காமிராவின் பின்புறத் திரையில் கண்டாள். செம்பருத்தி நிறத்தில் சிறகு விரித்த ஒரு வடிவம் தெரிந்தது. உடனே கேட்டாள்: "மாமா, இரண்டில் எது பொய்?"

அவளுக்கு அன்றிரவு சொல்லிய விடை சிறிது. முழு விடையைச் சொல்ல நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு வேண்டும். அவ்வரலாற்றை இயற்றியவர்களுட் பலர் வானியலைத் தொழிலாகக் கொண்டவரல்லர் என்பதே அதன் சுவை.

கண் கண்டதும் கை வரைந்ததும்

தொலைநோக்கி தோன்றிய புதிதில், 1610ஆம் ஆண்டிலேயே, பிரான்சு நாட்டுப் பெயிரெஸ்க் என்பார் இவ்வொண்முகிலைக் கண்டு குறித்துவைத்தார். அவர் வழக்கறிஞர். 1656இல் ஒல்லாந்து நாட்டு ஹைகன்ஸ், தாமும் தம் தமையனாரும் தேய்த்துச் செய்த கண்ணாடிகளைக் கொண்டு இதனை ஆராய்ந்து, 1659இல் ஒரு படம் வரைந்து வெளியிட்டார். இங்கிலாந்தில் பாத் நகரத்துத் தேவாலயத்தில் இசை வாசித்துப் பிழைத்த வில்லியம் ஹெர்ஷல், தாமே செய்த தொலைநோக்கியின் துணையால் 1774ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தம் வானியல் குறிப்பேட்டைத் தொடங்கியபோது, முதற்பக்கங்களிலேயே இடம்பெற்றது இவ்வொண்முகில்தான். பின்னர் யுரேனசு என்னும் கோளைக் கண்டு உலகப் புகழ் பெற்றவர் இவரே.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு எழுந்தது. ஒருவர் வரைந்த படம் மற்றொருவர் வரைந்த படத்தோடு ஒவ்வவில்லை. ஒருவர் சிறகு கண்ட இடத்தில் மற்றவர் பிளவு கண்டார். இவ்வேறுபாட்டைக் கண்ட சிலர், ஒண்முகிலே ஆண்டுக்காண்டு உருமாறுகின்றது என்று வாதிட்டனர். மாறியது முகிலா, வரைந்த கையா என்று தீர்ப்புக் கூற வழியில்லை. பனியில் விறைத்த விரல்களோடு, மங்கிய விளக்கொளியில், கண் கண்டதை நினைவில் ஏந்தித் தாளில் இறக்கும் வேலை அது. ஒவ்வொருவர் கண்ணும் ஒவ்வொரு விதம்.

அயர்லாந்தில் ராஸ் பிரபு 1845இல் ஆறடிக் குறுக்களவுள்ள ஆடியைக் கொண்டு மாபெரும் தொலைநோக்கி ஒன்றை நிறுவினார். அதன் வழியே பார்த்தபோது ஓரியன் ஒண்முகில் எண்ணற்ற சிறு விண்மீன்களாகப் பிரிந்து தெரிவதாக அவர் நம்பினார். அக்காலத்து அறிஞர் பலரும் அதனை ஏற்றனர். மணற்குவியலைத் தொலைவிலிருந்து பார்த்தால் ஒரே பரப்பாகத் தெரிவதுபோல, ஒண்முகில்கள் யாவும் தொலைவிலுள்ள விண்மீன் குவியல்களே என்ற கருத்து வலுப்பெற்றது. உலகிலேயே பெரிய கருவியும் கண்ணின் ஆவலை வெல்ல முடியாமற் போனதற்கு இது சான்று.

பட்டுக் கடையை விட்டவர்

இக்கருத்தை வீழ்த்தியவர் வில்லியம் ஹக்கின்ஸ். இலண்டனில் குடும்பத்தாரின் பட்டுத்துணி வாணிகத்தை நடத்திவந்த இவர், அதனை விற்றுவிட்டு, டல்ஸ் ஹில் என்னும் இடத்தில் தம் வீட்டுத் தோட்டத்திலேயே வானிலை நோக்குமாடம் ஒன்றை அமைத்தார். தொலைநோக்கி திரட்டித் தரும் ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தி நிறங்களாகப் பிரித்துப் பார்ப்பது இவர் கண்ட நெறி. விண்மீனின் ஒளியை அவ்வாறு பிரித்தால் வானவில்போல் தொடர்ந்த பட்டை ஒன்று கிடைக்கும். ஒளிரும் வாயுவின் ஒளியைப் பிரித்தால் தனித்தனியான சில நிறக்கோடுகள் மட்டுமே கிடைக்கும்.

1864ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள் இரவு, டிராகோ என்னும் விண்மீன் கூட்டத்திலுள்ள சிறிய ஒண்முகில் ஒன்றை நோக்கித் தம் கருவியைத் திருப்பினார். வானவில் வரவில்லை. பசுமை நிறக் கோடொன்றே பளிச்சிட்டது. கூர்ந்து நோக்க, மேலும் இரண்டு மெல்லிய கோடுகள் தெரிந்தன. அது வாயு என்பது ஐயமற விளங்கியது. பின்னர் ஓரியன் ஒண்முகிலும் அதே விடையைத் தந்தது. ராஸ் பிரபுவின் மணற்குவியல் கலைந்தது.

அப்பசுங்கோடு மண்ணுலகில் அறியப்பட்ட எந்தத் தனிமத்துக்கும் உரியதாக இல்லை. ஆகவே விண்ணில் மட்டும் உள்ள புதுத் தனிமம் ஒன்று உண்டெனக் கருதி, அதற்கு நெபுலியம் என்று பெயரும் இட்டனர். பல ஆண்டுகள் அப்பெயர் நூல்களில் நிலவியது. 1927இல் ஐரா போவன் என்னும் அமெரிக்க இயற்பியலார் புதிரை விடுவித்தார். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனே, இரண்டு எலெக்ட்ரான்களை இழந்து, ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கும் வெற்றிடத்தினும் மெலிந்த வெளியில் மிதக்கும்போது, அப்பசுமையை வீசுகின்றது. புதுத் தனிமம் என்று எண்ணியது, நம் மூச்சுக்காற்றின் உறவே ஆயிற்று.

ஐம்பத்தொரு நிமிடம்

கண்ணுக்கு ஒரு குறை உண்டு. அது ஒளியைச் சேமித்து வைப்பதில்லை; நொடியின் ஒரு சிறு பகுதியில் வந்து விழுந்ததைக் கொண்டு காட்சியை உண்டாக்கி, உடனே அடுத்ததற்கு இடம் விடுகின்றது. ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தாலும் மங்கிய பொருள் மங்கியதாகவே இருக்கும். புகைப்படத் தகடு அவ்வாறன்று. சொட்டுச் சொட்டாக விழும் நீரைக் குடம் ஏந்துவதுபோல ஒளியை ஏந்திக்கொள்ளும்.

பாரிசு நகரத்து டாகேர் என்பாரின் புகைப்பட முறை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் என்னும் வேதியியற் பேராசிரியர் நிலவைப் படம் பிடித்தார். ஆனால் ஒண்முகிலின் ஒளி நிலவொளியினும் பன்மடங்கு மெலிந்தது. 1851 முதல் வழங்கிய கொலோடியன் தகடு ஈரமாக இருக்கும்வரையே ஒளியை ஏற்கும். சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். 1871இல் ரிச்சர்டு லீச் மாடாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் ஜெலட்டின் பூசிய உலர் தகட்டுக்கு வழிகாட்டினார். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் எனத் தகட்டைத் திறந்து வைக்கும் வாய்ப்பு அதன் பின்னரே வந்தது.

அவ்வாய்ப்பை முதலில் பற்றியவர், நிலவைப் படம் பிடித்த டிரேப்பரின் திருமகனார் ஹென்றி டிரேப்பர். இவரும் மருத்துவர், கல்லூரிப் பேராசிரியர். ஹட்சன் ஆற்றங்கரையில் தந்தையார் நிலத்தில் நோக்குமாடம் ஒன்று கட்டி, ஓய்வு கிடைத்த இரவுகளை அங்கே கழித்தார். 1880ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 30ஆம் நாள், 11 அங்குலக் குறுக்களவுள்ள தொலைநோக்கியில் உலர் தகடு ஒன்றைப் பொருத்தி, 51 நிமிடம் திறந்து வைத்தார். ஒண்முகில் ஒன்று தன் உருவத்தைத் தானே எழுதியது அதுவே முதல் முறை.

51 நிமிடம் என்பது சொல்லுக்கு எளிது. மண்ணுலகம் சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை வீதம் மேற்கே சரிகின்றது. தொலைநோக்கியும் அதே வேகத்தில், மயிரிழை பிசகாமல், உடன் சரிய வேண்டும். கடிகாரப் பொறி ஒன்று அதனை இழுத்துச் செல்லும். பொறி சற்றே தயங்கினாலும் விண்மீன்கள் புள்ளியாக அமையாமல் கோடாக இழுபடும். டிரேப்பரின் முதற்படத்தில் ஒண்முகிலின் ஒளிமிக்க நடுப்பகுதி மட்டுமே பதிந்தது. அவர் மனம் தளரவில்லை. 1882 மார்ச்சில் 137 நிமிடம் வைத்து எடுத்த படத்தில் மெல்லிய வெளிச்சிறகுகளும் தோன்றின. அவ்வாண்டு நவம்பரில், 45ஆம் வயதில், அவர் இயற்கை எய்தினார். அவர்தம் துணைவியார் அன்னா டிரேப்பர் அம்மையார் ஆர்வர்டு நோக்குமாடத்துக்கு வழங்கிய நிதியால் உருவான விண்மீன் பட்டியல் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

டிரேப்பர் விட்ட இடத்தில் தொடங்கியவர் ஆண்ட்ரூ எயின்ஸ்லி காமன். இவர் தொழிலால் சுகாதாரப் பொறியாளர். கட்டடங்களுக்கு நீர்க்குழாயும் கழிவுநீர்க் குழாயும் அமைக்கும் துறையினர். இலண்டனை அடுத்த ஈலிங்கில் தம் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குல ஆடித் தொலைநோக்கியை நிறுவினார். அத்துணைப் பாரமான கருவி உராய்வின்றித் திரும்ப வேண்டுமே என்று, அதன் அச்சைப் பாதரசத்தில் மிதக்கவிட்டார். குழாயும் நீரும் அறிந்தவர் கையில் வானியல் பெற்ற உத்தி அது எனலாம்.

1883ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள் காமன் 37 நிமிடம் வைத்து எடுத்த ஓரியன் படம் அறிஞர் உலகை வியக்க வைத்தது. அதே தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்தால் தெரியாத விண்மீன்கள் தகட்டில் தெரிந்தன. கண்ணுக்கு எட்டாததைத் தகடு காணும் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது. கை வரைந்த படங்களைப் பற்றிய பழைய வழக்கும் அன்றோடு முடியத் தொடங்கியது. அரசக வானியற் கழகம் 1884இல் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கிற்று.

அத்தொலைநோக்கியின் பிற்கால வரலாறும் அறியத்தக்கது. 1885இல் அதனை ஆலிபாக்சு நகரத்துக் கம்பள உற்பத்தியாளர் எட்வர்டு கிராஸ்லி விலைக்கு வாங்கினார். 1895இல் அவர் அதனைக் கலிபோர்னியாவிலுள்ள லிக் நோக்குமாடத்துக்குக் கொடையாக அளித்தார். அங்கே ஜேம்ஸ் கீலர் 1898 முதல் 1900 வரை அதனைக் கொண்டு ஒண்முகில்களைப் படம் பிடித்து, வானில் சுருள்வடிவ ஒண்முகில்கள் எண்ணிலாதன உள்ளன என்று காட்டினார். அவை நம்முடையது போன்ற தனித்தனி விண்மீன் மண்டலங்கள் என்பது பின்னர் விளங்கியது. தோட்டத்தில் ஒருவர் நிறுவிய கருவி, அண்டத்தின் பரப்பையே அளக்க உதவியது.

நிறம் வந்த வழி

டிரேப்பரும் காமனும் எடுத்த படங்களில் நிறம் இல்லை. அவர்தம் தகடுகள் நீலத்தையும் ஊதாவையும் உணருமேயன்றிச் சிவப்பை உணரா. ஒண்முகிலோ சிவப்பின் உறைவிடம். அதன் நடுவேயுள்ள கொதிக்கும் இளம் விண்மீன்கள் வீசும் புறஊதா ஒளி, சூழ்ந்துள்ள ஹைட்ரஜன் வாயுவைக் கிளர்ச்சியுறச் செய்ய, அது 6563 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள செவ்வொளியை உமிழ்கின்றது. போவன் விளக்கிய ஆக்சிஜனின் பசுமையும் உடன் கலக்கின்றது. அருகிலுள்ள தூசுப்படலம் விண்மீன் ஒளியைச் சிதறடித்து நீலமாகத் தோன்றுகின்றது.

இவ்வளவு நிறம் இருந்தும் நம் கண் ஏன் காணவில்லை? இருளில் பார்க்கும்போது நம் விழித்திரையில் வேலை செய்வன கோல் வடிவ உயிரணுக்கள். அவை மங்கிய ஒளியை உணரும்; நிறம் பிரித்தறியா. சிவப்புக்கோ அவை ஏறக்குறையக் குருடு. ஆகவேதான் சாம்பல் நிறமே தெரிகின்றது. பெரிய தொலைநோக்கியில் காண்போருக்குச் சிறிது பசுமை தட்டுவதுண்டு. செம்மை தெரிவது அரிது.

நிறப்படம் எடுக்கும் கொள்கையை 1861இலேயே மாக்ஸ்வெல் காட்டிவிட்டார்: சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று வடிகட்டிகளின் வழியே தனித்தனியாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒளியூட்டினால் எல்லா நிறமும் பிறக்கும். அக்கொள்கை ஒரே சுருளில் அடங்கியது 1935இல் வந்த கோடாக்குரோம் படச்சுருளில். அதனைக் கண்டவர் லியோபோல்டு மான்னசும் லியோபோல்டு கொடவ்ஸ்கியும். முன்னவர் பியானோக் கலைஞர், பின்னவர் வயலின் கலைஞர். கச்சேரிக்கு இடையே வேதியியல் செய்தவர்கள்!

ஆனால் வண்ணச் சுருள் மிக மெதுவாகவே ஒளியை ஏற்றது. அன்றியும் ஒளி மங்கி நேரம் நீளும்போது சுருள் சோர்ந்துவிடும். இரு மடங்கு நேரம் வைத்தால் இரு மடங்கு பதியாது. கார்ல் சுவார்ட்ஸ்சைல்டு ஏறத்தாழ 1900இல் ஆராய்ந்து கூறிய குறை இது. சுருளின் மூன்று நிற அடுக்குகளும் மூன்று அளவில் சோர்ந்தமையால் நிறமும் பிறழ்ந்தது. 1950களின் இறுதியில் பாலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியில், வேகமிக்க புதிய சுருளைக் கொண்டு, அப்பிறழ்ச்சியைத் திருத்தி, வில்லியம் மில்லர் எடுத்த வண்ணப்படங்கள் 1959இல் வெளிவந்தன. ஒண்முகில்களின் நிறத்தைப் பொதுமக்கள் கண்டது அப்போதுதான். பின்னர் ஆசுத்திரேலியாவில் டேவிட் மாலின், மாக்ஸ்வெல் காட்டிய முத்தகட்டு முறைக்கே திரும்பி, நிறம் பிறழாத அரிய படங்களை எடுத்தார்.

மொட்டைமாடிச் சான்று

பாலோமர் மலையில் இடம் கிடையாதவர் என் செய்வது? உறைந்த கரியமில வாயுக் கட்டியால் படச்சுருளைக் குளிரச் செய்தால் அதன் சோர்வு குறையும் என்பது தெரியவந்ததும், அமெரிக்காவில் ஓய்வுநேர வானியலார் சிலர் குளிர்காமிராக்களைத் தாமே செய்துகொண்டனர். அவர்களுள் ஒருவர் அரிசோனாவின் எவரெட் கிரைமர். மெஸ்ஸியே பட்டியலிலுள்ள பொருள்கள் அனைத்தையும் படம் பிடித்தவர். அப்படங்கள் 1978இல் நூலாக வெளிவந்தன.

அதற்கிடையே 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் ஒளியை மின்னாக்கித் திரட்டும் சி.சி.டி. சில்லைக் கண்டனர், அதற்கென 2009இல் நோபெல் பரிசில் பங்கும் பெற்றனர். 1990களில் அச்சில் ஓய்வுநேர வானியலார் கைக்கும் வந்தது.

2004ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவின் கென்டகி மாநிலத்தில் ஜே மெக்நீல் என்பார், தம் வீட்டிலிருந்து 3 அங்குலத் தொலைநோக்கியால் ஓரியன் கூட்டத்தைப் படம் பிடித்தார். படத்தில் மெஸ்ஸியே 78 என்னும் ஒண்முகிலுக்கு அருகே, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு சிறு முகில் இருந்தது. தொழில்முறை வானியலார் அதனை ஆராய்ந்தனர். புதிதாகப் பிறக்கும் விண்மீன் ஒன்று திடீரெனப் பொலிவுற்றுத் தன்னைச் சூழ்ந்த தூசிக்கு ஒளியூட்டியமை தெரிந்தது. அது மெக்நீல் ஒண்முகில் எனப் பெயர் பெற்றது. இரண்டு ஆண்டுகளில் அது மங்கி மறைந்தது; 2008இல் மீண்டும் ஒளிர்ந்தது.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. இதற்குமுன் எப்போதாவது இது தோன்றியதா என்று பழைய படங்களைப் புரட்டினர். 1966 அக்டோபரில் கிரைமர் எடுத்த மெஸ்ஸியே 78 படத்தில் அம்முகில் பதிந்திருந்தது! அப்படம் நூலில் அச்சாகி ஆயிரக்கணக்கானோர் கைகளில் தவழ்ந்தும் யாரும் அதனைக் கவனிக்கவில்லை. ஒரு விண்மீனின் முன்வரலாற்றுக்கு, ஓய்வு நேரத்தில் ஒருவர் எடுத்து வைத்த படம் சான்றாயிற்று. மாறியது முகிலா, வரைந்த கையா என்ற பழைய கேள்வி நினைவிருக்கட்டும். இம்முறை மாறியது முகிலே என்று ஐயமின்றிச் சொல்ல முடிந்தது.

நம் சங்கத்தார் பிடித்த படம்

ஆரவல்லிக் குன்றுக்கு நாம் கொண்டு சென்றவை மிகச் சில: திருமண வீடுகளில் படம் எடுக்கும் வகையைச் சேர்ந்த காமிரா ஒன்று, 200 மில்லிமீட்டர் குவிநீளமுள்ள லென்சு ஒன்று, முக்காலி ஒன்று, வானத்தின் சுழற்சியோடு காமிராவைத் திருப்பும் கையடக்கப் பொறி ஒன்று. திருவாதிரையன்று முழுமதி வானை நிறைக்குமாதலின் ஒண்முகிலுக்கு அந்நாள் ஏற்றதன்று; தை அமாவாசையே தக்க நாள்.

பொறியின் அச்சு துருவ மீனை நோக்க வேண்டும். கன்னியாகுமரியில் அடிவானத்தை ஒட்டி எட்டுப் பாகை உயரத்தில் பதுங்கும் துருவ மீன், தில்லிப் பக்கத்தில் 28 பாகை உயரத்தில் நன்கு தெரிகின்றது. வடக்கே வந்ததனால் நாம் பெற்ற ஊதியங்களுள் இதுவும் ஒன்று என்று ஒருவர் நகைத்தார். முதல் முயற்சியில் அச்சு பிசகி விண்மீன்கள் அரிசிமணிபோல் நீண்டன. இரண்டாம் முயற்சியில் லென்சின்மேல் பனி படிந்தது. ஒரு பாட்டியார் தம் கம்பளித் துண்டை லென்சுக்குச் சுற்றிவிட்டு, வானத்தைப் பார்த்து, "நம்ம ஆதிரைதானே இது! ஊரில் கிணற்றடியில் நின்றால் தெரியுமே" என்றார். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவர் அதனைக் காண்கின்றார்.

மூன்றாம் முயற்சி பலித்தது. ஒரு நிமிடத்துக்கு ஒரு படமாக, டிரேப்பரை நினைந்து, 51 படம் எடுத்தோம். காலனிக்குத் திரும்பியபின் அவற்றைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி கண்டோம். தனிப்படத்தில் மணல் தூவினாற்போல் இருந்த இரைச்சல், படங்களின் எண்ணிக்கைக்குரிய வர்க்கமூல அளவில், அதாவது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகக் குறைந்தது. செஞ்சிறகு விரிந்தது, அதன் வடக்கே மெல்லிய நீலமும் தோன்றியது. நடுப்பகுதி வெளுத்துப்போயிற்று, அதற்குச் சில நொடிப் படங்களும் எடுத்திருக்க வேண்டும். சாதாரணக் காமிராவினுள் உள்ள வடிகட்டி ஹைட்ரஜனின் செம்மையில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றது என்பதையும் பின்னரே அறிந்தோம். குறை பல உண்டு. ஆயினும் டிரேப்பர் காணாத நிறத்தை, அவர் கொண்ட அதே 51 நிமிடத்தில், நாம் கண்டோம்.

இனி அச்சிறுமிக்கு விடை. அம்மா, இரண்டும் பொய்யல்ல. கண் அந்த நொடியின் உண்மையைச் சொன்னது. காமிரா 51 நிமிடத்தின் உண்மையைச் சொன்னது. செம்மை நாம் பூசியதன்று. 1300 ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து ஹைட்ரஜன் அனுப்பியது. ஆனால் ஒன்றை நினைவில் வை. 1995இல் ஹபிள் தொலைநோக்கி எடுத்த கழுகு ஒண்முகிலின் தூண்கள்போன்ற சில படங்களில், ஹைட்ரஜனைப் பச்சையாகவும் கந்தகத்தைச் சிவப்பாகவும் ஆக்சிஜனை நீலமாகவும் அறிஞர் தாமே வகுத்துக் காட்டுகின்றனர். எது எங்குள்ளது என்று பிரித்தறிய அது உதவும். அவ்வாறு செய்தால், செய்தோம் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விடுவதே பொய்.

பெரியோருக்கும் ஒரு சொல் உண்டு. நம் காலனி மாடியிலிருந்து இவ்வாளின் நடுமீன் தெரிவதில்லை. விளக்கொளி வானை விழுங்கிவிட்டது. சென்னையிற் பிறந்த வானியல் அறிஞர் வைணு பாப்பு, 1960களில் புதிய நோக்குமாடத்துக்கு ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தது இருளை நாடியே. 2022இல் இலடாக்கின் ஆன்லே பகுதி இருள்வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. காட்டையும் விலங்கையும் காப்பதுபோல் இருளையும் காக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. காலனி முழுமைக்கும் அதனை நாம் செய்ய முடியாவிடினும், பூங்காவிலுள்ள விளக்குகளுக்கு மேல்மூடி இடுமாறு குடியிருப்போர் சங்கத்தைக் கேட்கலாம். அமாவாசை இரவில் ஒரு மணி நேரம் மாடி விளக்குகளை அணைக்கலாம்.

நம் சங்கத்து நாடகக் குழுவை அமெச்சூர் குழு என்கிறோம். அச்சொல்லுக்கு அன்பு கொண்டவர் என்பதே வேர்ப்பொருள். அலுவலகம் முடிந்து வந்து, ஊதியம் கருதாது, ஒத்திகைக்கு நிற்பவர் அவர்கள். இசைவாணரும் பட்டு வணிகரும் மருத்துவரும் குழாய்ப் பொறியாளரும் ஒண்முகிலின் வரலாற்றை எழுதியதும் அவ்வண்ணமே. இம்மலரின் பின்னட்டையில் நாம் எடுத்த அப்படம் அச்சாகியுள்ளது. கிரைமரின் படத்தைப்போல் இதுவும் ஏதேனும் ஒரு காலத்தில் எதற்கேனும் சான்றாகலாம், ஆகாமலும் போகலாம். எடுத்த நாளையும் நேரத்தையும் இடத்தையும் கீழே குறித்திருக்கிறோம்.

அடுத்த தை அமாவாசைக்கு மீண்டும் செல்ல எண்ணியுள்ளோம். வர விரும்புவோர் கம்பளியும் பொறுமையும் கொண்டு வருக. களி நாம் தருவோம்.